தரைக்கு அடியில் வெந்நீர்! ஸ்ரீரங்கத்துக்கு ஒத்துவருமா?

"தரைக்கு அடியிலே வெந்நீரா? எதுக்குடா அது?"

ஸ்ரீரங்கத்தில் ஒரு தாய் இப்படிக் கேட்கிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். டெலிபோனில் பேசுகிறவன் அவருடைய மகன். கனடாவில் வேலை பார்க்கிறான். அங்கே சொந்த வீடு கட்டுகிறான்.

"இங்கே வெளியிலே பனி கொட்டறது அம்மா. தரைக்கு அடியிலே குழாய் பதிச்சு வெந்நீர் ஓட விட்டா, வீடு பூரா கதகதப்பா இருக்கும்" என்கிறான் மகன்.

"நன்னா இருக்குடா! இங்கே மொட்டை மாடியிலே கால் வெச்சா பொரிஞ்சு போறது. ராத்திரி தூக்கமே இல்லை. தரையைக் குளிர வைக்கிற குழாய் இருந்தா சொல்லு!" என்கிறார் தாய்.

மகன் யோசிக்கிறான். அதே குழாயில் குளிர்ந்த நீரை விட்டால் என்ன? ஸ்ரீரங்கத்து வீட்டையும் எப்படியும் பழுது பார்க்க வேண்டும். அங்கேயும் பதித்து விடலாமா?

நல்ல கேள்வி. திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிய குடும்பங்கள் ஏராளம். சம்பாதித்த பணத்தை எந்த வீட்டில், எந்த இடத்தில் போடுவது? தெரிந்து கொண்டு செலவு செய்தால் பணம் மிஞ்சும். தூக்கமும் வரும்.

ரோமாபுரியின் சூடான தரை

தரையைச் சுட வைப்பது புதிய சங்கதி அல்ல. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ரோமாபுரியில் இது இருந்தது.

உறையூரில் நெய்த மெல்லிய துணி அந்தக் காலத்திலேயே மேல்நாட்டுக்குப் போனது என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். அந்தத் துணியை வாங்கிய ரோமாபுரிப் பணக்காரர்கள், குளிக்கும் அறையின் தரையைச் சிறு சிறு தூண்கள் மேல் எழுப்பினார்கள். பக்கத்தில் அடுப்பு எரித்தார்கள். அடுப்பின் சூடான காற்று தரைக்கு அடியில் ஓடியது. தரை சுட்டது.

கொரியா நாட்டில் ஏழை வீட்டிலும் இது உண்டு. சமையல் அடுப்பின் புகையை அடுத்த அறையின் தரைக்கு அடியில் ஓட விட்டார்கள். மேலே கல் தளம். குடும்பம் முழுவதும் அந்தத் தரையில் உட்கார்ந்தது, அங்கேயே படுத்தது. இதற்கு "ஓண்டோல்" என்று பெயர்.

நம் நாட்டிலும் காஷ்மீரத்தில் "ஹமாம்" இருக்கிறது. வெளியிலிருந்து விறகு போட்டு எரிப்பார்கள். உள்ளே கல் தரை சூடாகும். பெரிய தாமிரப் பாத்திரத்தில் வெந்நீரும் கிடைக்கும்.

புகை போனது, தண்ணீர் வந்தது

புகையில் ஓர் ஆபத்து உண்டு.

கொரியாவில் 1950-ம் ஆண்டுக்குப் பிறகு விறகுக்குப் பதிலாக நிலக்கரி வில்லைகளை எரித்தார்கள். அதிலிருந்து ஒரு விஷ வாயு வரும். அதற்கு நிறம் இல்லை, மணமும் இல்லை. தரையில் சிறு விரிசல் இருந்தாலும் அது அறைக்குள் வந்துவிடும். தூங்கப் போனவர்களில் பலர் எழுந்திருக்கவே இல்லை.

இந்தத் துயரத்துக்குப் பின் கொரியர்கள் மாறினார்கள். அடுப்பைத் தனியே தள்ளி வைத்தார்கள். புகைக்குப் பதிலாக வெந்நீரைத் தரைக்கு அடியில் ஓட விட்டார்கள். இன்று அங்கே அடுக்குமாடி வீடுகளில் எல்லாம் இந்த வெந்நீர்த் தரைதான்.

அமெரிக்காவிலும் ஒருவர் இதைச் செய்தார். அவர் பிராங்க் லாயிட் ரைட். உலகப் புகழ் பெற்ற கட்டடக் கலைஞர். 1914-ம் ஆண்டை ஒட்டி ஜப்பானில் ஒரு மாளிகையில் கொரியா முறையில் அமைந்த அறையைக் கண்டார். அந்தச் சுகத்தை அவர் மறக்கவில்லை. 1937-ல் விஸ்கான்சின் மாநிலத்தில் கட்டிய ஒரு சிறிய வீட்டில் தரைக்கு அடியில் குழாய் பதித்தார்.

எப்படி வேலை செய்கிறது?

பாய்லரைப் பற்றித் திருச்சிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். திருவெறும்பூரில் மின்சார நிலையங்களுக்கான மாபெரும் பாய்லர்களைச் செய்யும் பி.எச்.இ.எல். ஆலையே இருக்கிறது. வீட்டுக்கு வேண்டியது அதன் குட்டித் தம்பி. சில வீடுகளில் பாய்லர் இருக்காது. "ஹீட் பம்ப்" என்ற மின்சாரக் கருவி இருக்கும். வெளிக் காற்றில் உள்ள சூட்டை இழுத்து அது தண்ணீருக்குக் கொடுக்கும்.

சூடான தண்ணீர் ஒரு பெட்டிக்கு வரும். அங்கிருந்து பல குழாய்கள் பிரியும். ஓர் அறைக்கு ஒரு குழாய். அந்தக் குழாய் பாம்பு போல வளைந்து வளைந்து தரை முழுவதும் ஓடும். ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் நடுவே 15 அல்லது 20 சென்டிமீட்டர் இடைவெளி. பிறகு தண்ணீர் பெட்டிக்கே திரும்பிவிடும்.

தண்ணீர் எதற்கு? காற்றையே ஓட விட்டால் என்ன?

ஒரு லிட்டர் தண்ணீர் சுமக்கும் சூட்டைக் காற்று சுமக்க வேண்டுமானால், மூவாயிரம் லிட்டருக்கு மேல் காற்று வேண்டும்! ஆகவே விரல் பருமன் குழாய் போதும், வேலை முடிந்துவிடும்.

தண்ணீர் கொதிக்க வேண்டியதும் இல்லை. 35 முதல் 45 டிகிரி வரை போதும். குழந்தையைக் குளிப்பாட்டும் வெந்நீரின் பதம்தான். தரையின் மேல்பக்கம் 29 டிகிரியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் உட்காரும் இடத்தில் கால் வியர்க்கும், எரிச்சல் எடுக்கும்.

வாங்கும் முன் ஐந்து கேள்விகள்

குளிர் நாட்டில் வீடு கட்டும் பிள்ளைக்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் ஒருமுறை பதித்து மூடினால், பிறகு தரையை உடைத்தால்தான் பார்க்க முடியும். ஆகவே முதலிலேயே கேட்க வேண்டும்.

1. குழாய்க்குக் கீழே தடுப்புப் பலகை உண்டா? சூட்டைக் கடத்தாத பலகை அடியில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காசு கொடுத்து மண்ணைச் சுட வைத்ததாக முடியும்.

2. குழாய் ஒரே துண்டா? தரைக்கு அடியில் ஒட்டுப் போடக் கூடாது. ஒட்டு உள்ள இடத்தில்தான் பெரும்பாலும் கசிவு வரும்.

3. சிமென்ட் போடும் முன் அழுத்தச் சோதனை செய்தார்களா? குழாயில் தண்ணீரை நிரப்பி அழுத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்து பார்ப்பது நல்லது. குழாய் ஓடும் வழியைப் படம் எடுத்தும் வைத்துக் கொள்ள வேண்டும். பின்னால் ஆணி அடிக்கும்போது அந்தப் படம் காப்பாற்றும்.

4. தரைக்கு மேலே என்ன விரிப்பு? கல்லும் ஓடும் சூட்டை நன்றாக விடும். தடித்த கம்பளம் விடாது.

5. சூடு ஏற எவ்வளவு நேரம்? சிமென்டுத் தரை மெதுவாகத்தான் சூடாகும்; மெதுவாகத்தான் ஆறும். சுவிட்சைப் போட்டவுடன் சுடாது. நாள் முழுவதும் ஆள் இருக்கும் வீட்டுக்கு இது பொருத்தம். எப்போதோ வந்து போகும் வீட்டுக்குப் பொருத்தம் இல்லை.

இனி ஸ்ரீரங்கத்துக்கு வருவோம்

திருச்சியில் மார்கழி மாத இரவிலும் குளிர் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். சித்திரை, வைகாசியிலோ பகல் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. இங்கே வெந்நீர்த் தரைக்கு வேலையே இல்லை.

குளிர்நீர்த் தரை?

அதுவும் உலகத்தில் இருக்கிறது. பாங்காக் நகரில் 2006-ல் திறந்த சுவர்ணபூமி விமான நிலையத்தில் தரைக்கு அடியில் குளிர்ந்த நீர் ஓடுகிறது. ஐதராபாத்தில் இன்போசிஸ் கம்பெனி 2011-ல் ஒரு வேடிக்கையான சோதனையே செய்தது. ஒரே கட்டடம். ஒரு பாதிக்குச் சாதாரண ஏர்கண்டிஷன். மறு பாதிக்குக் கான்கிரீட்டுக்குள் குளிர்ந்த நீர்க் குழாய். இரண்டையும் அளந்து பார்த்தார்கள். நீர்க் குழாய் உள்ள பாதியில் குளிரூட்டச் செலவான மின்சாரம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது!

அப்படியானால் ஸ்ரீரங்கத்து வீட்டிலும் பதித்துவிடலாமே?

கொஞ்சம் பொறுங்கள்.

வியர்க்கும் தரை

ஜில்லென்று ஒரு கோலி சோடா வாங்குகிறீர்கள். பாட்டிலின் வெளிப்பக்கம் முத்து முத்தாக வியர்க்கிறது. அந்த நீர் உள்ளே இருந்து வரவில்லை. காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் பட்டு நீராகிறது.

தரையும் அப்படித்தான் வியர்க்கும்.

காற்றின் சூடு 30 டிகிரி. ஈரப்பதம் நூற்றுக்கு 70. அந்த வேளையில் தரை 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் நீர் கோக்கத் தொடங்கும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தீவாக இருக்கும் ஊர் ஸ்ரீரங்கம். மழைக் காலத்தில் காற்றில் ஈரத்துக்குக் குறைவு இல்லை.

ஈரத் தரையில் வயதானவர்கள் கால் வைத்தால் என்ன ஆகும்? வழுக்கும். விழுந்தால் இடுப்பு எலும்பு முறியும். சுகத்துக்காகப் போட்ட தரை, படுக்கையில் தள்ளிவிடும்.

விமான நிலையத்திலும் பெரிய ஆபீசிலும் இந்தத் தொல்லை ஏன் இல்லை? அங்கே காற்றின் ஈரத்தை எடுக்கத் தனி இயந்திரம் இருக்கிறது. கதவு, ஜன்னல் எல்லாம் மூடியே இருக்கும். கூடத்தில் ஜன்னலைத் திறந்து போட்டுக் கொள்ளும் வீட்டில் அது நடக்காது.

சரி, கிணற்று நீரை ஓட விட்டால்? அது 24 டிகிரிக்குக் கீழே போகாது அல்லவா?

போகாது. கிணற்று நீரின் சூடு அந்த ஊரின் ஆண்டுச் சராசரிச் சூட்டை ஒட்டியே இருக்கும். திருச்சிப் பக்கம் அது 28, 29 டிகிரி. ஆனால் கீழ்த்தளத் தரைக்கு அடியில் இருக்கும் மண்ணும் கிட்டத்தட்ட அதே சூடுதான். ஆகவே, கீழ் வீட்டுத் தரைக்கு இயற்கையே குழாய் பதித்து வைத்திருக்கிறது! அதற்குமேல் காசு கொடுத்து எதற்குப் பதிப்பது?

காவித் தரையில் பாயை விரித்துப் படுத்தால் முதுகு குளிர்கிறதே, அது இதனால்தான். உடம்பின் சூடு 37 டிகிரி. தரையின் சூடு அதைவிடக் குறைவு. சிமென்டும் கல்லும் உடம்புச் சூட்டைச் சட்டென்று இழுத்துக் கொள்கின்றன.

எதிரி தலைக்கு மேலே

கீழே தரை குளிர்ச்சி. அப்புறம் ஏன் தூக்கம் வரவில்லை?

சூடு மேலே இருந்து வருகிறது!

வெயில் நாளில் மூடாத கான்கிரீட் தளத்தின் மேல்பக்கம் 60 டிகிரிக்கு மேலும் சுடும். பகல் முழுவதும் தளம் சூட்டைக் குடிக்கிறது. மாலையில் வெயில் தாழ்ந்த பிறகு, குடித்த சூட்டை வீட்டுக்குள் கக்குகிறது. நள்ளிரவு வரை கக்குகிறது. வெளியே காற்று குளிர்ந்தாலும் உள்ளே வேகிறது.

ஸ்ரீரங்கத்து உத்திர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் இருந்த பழைய மெத்தை வீடுகளை நினைத்துப் பாருங்கள். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று நீண்டு போகும் வீடு. முற்றத்தின் வழியே சூடான காற்று மேலே போய்விடும். கூரையோ கனமானது. மர உத்தரங்களின் மேல் சிறு செங்கல்லைக் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் கட்டினார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் தெளித்து, நாள் கணக்கில் அடித்தார்கள். அதற்கும் மேலே தட்டோடு. வெயில் இத்தனையையும் தாண்டி இறங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

அந்த வீட்டை இடித்துவிட்டு வெறும் கான்கிரீட் போடுகிறவர்கள், கடுக்காயை விட்டாலும் பரவாயில்லை. மேலே போடும் காப்பை விட்டுவிடக் கூடாது.

பணத்தை எங்கே போடலாம்?

முதலில் வெள்ளை. கோடை தொடங்கும் முன், மாசி, பங்குனியிலேயே மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம். வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பெயின்டும் கிடைக்கிறது. கூரையை வெண்மையாக்கினால் வீட்டுக்குள் 2 முதல் 5 டிகிரி வரை சூடு குறையும். குஜராத்தில் ஆமதாபாத் நகரில் ஏழைகளின் வீடுகளுக்கு இப்படி வெள்ளை அடித்தார்கள். தெலுங்கானா அரசு 2023-ல் குளிர்ந்த கூரைக்கென்றே ஒரு கொள்கை வகுத்தது. ஆனால் ஒன்று: வெள்ளையில் தூசி படிந்தால் பலன் குறையும். ஆண்டுதோறும் கழுவ வேண்டும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து. கையுறையும் கண்ணாடியும் போட்டுக் கொண்டே அடிக்க வேண்டும்.

இரண்டாவது, தட்டோடு. புது வீடானால், கான்கிரீட்டின் மேல் செங்கல் ஜல்லி போட்டுத் தட்டோடோ வெள்ளை ஓடோ பதிப்பது நல்லது. மழை நீர் வடியும் வாட்டத்தையும் அப்போதே சரி செய்துவிடலாம்.

மூன்றாவது, நிழல். மாடியில் பந்தல் போடலாம். சூரிய ஒளியில் மின்சாரம் எடுக்கும் பலகைகளைப் பதித்தால் நிழலும் கிடைக்கும், மின்சாரமும் கிடைக்கும். மாடித் தோட்டம் போடுகிறவர்கள், கட்டடம் அந்தப் பாரத்தைத் தாங்குமா என்று என்ஜினீயரிடம் கேட்ட பிறகே மண்ணை ஏற்ற வேண்டும்.

நான்காவது, மேற்கு ஜன்னல். மாலை வெயிலை வெளியிலேயே தடுக்க வேண்டும். உள்ளே திரை போடுவதைவிட வெளியே தட்டி கட்டுவது மேல். சித்திரை மாத நடுப்பகலில் காற்று வறண்டு இருக்கும். அப்போது வெட்டிவேர்த் தட்டியில் நீர் தெளித்தால் நல்ல பலன் உண்டு. காற்றில் ஈரம் நிறைந்த நாளில் அதே தட்டி உதவாது.

ஐந்தாவது, இரவுக் காற்று. எதிர் எதிரே இரண்டு ஜன்னல்களைத் திறந்தால்தான் காற்று ஓடும். ஒரு பக்கம் மட்டும் திறந்தால் உள்ளே வராது.

இத்தனையும் செய்த பிறகு, ஒரே ஓர் அறைக்கு ஏர்கண்டிஷன் வைத்தால் போதும். ஒன்றரை டன் கருவி ஓடும்போது மணிக்குச் சுமார் 1½ யூனிட் மின்சாரம் எடுக்கும். அதே மின்சாரத்தில் சாதாரண மின்விசிறி இருபது ஓடும்! கூரை குளிர்ந்திருந்தால் கருவி அடிக்கடி நின்று நின்று ஓடும். பில் குறையும்.

வயதானவர்களின் உயிர்

இது வெறும் சுகத்துக்கான சங்கதி அல்ல. தமிழ்நாடு அரசு 2024-ம் ஆண்டு அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. புயல், வெள்ளம் போல வெயிலும் உயிரைக் கொல்லும் என்பதால்தான் இந்த அறிவிப்பு.

வயதான உடம்பு பகல் வெயிலை ஒருவாறு தாங்கும். இரவிலும் ஆறாவிட்டால் தாங்காது. மாடி அறையில் தனியாகப் படுக்கும் பெரியவர்களைக் கோடையில் கீழே, தரை குளிர்ந்த கூடத்துக்குக் கொண்டு வர வேண்டும். தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீரோ நீர்மோரோ கொடுக்க வேண்டும். உடம்பு கொதித்து, பேச்சு குழறி, மயக்கம் வந்தால் தாமதிக்கக் கூடாது. ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து, விசிறி, உடனே 108-க்குப் போன் செய்ய வேண்டும். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

மகன் செய்ய வேண்டியது

கனடா மகன் இப்போது என்ன செய்வான்?

அங்கே குளிர் கீழே இருந்தும் ஜன்னலிலிருந்தும் வருகிறது. ஆகவே அந்த வீட்டில் தரைக்கு வெந்நீர்க் குழாய் போடட்டும். ஐந்து கேள்விகளையும் கேட்டுவிட்டுப் போடட்டும்.

ஸ்ரீரங்கத்து வீட்டில் சூடு மேலே இருந்து வருகிறது. அங்கே தரையை உடைக்க வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு பகுதியைக் கொத்தனாரிடம் கொடுத்து, மாடியில் தட்டோடு பதித்து வெள்ளை அடிக்கச் சொன்னால் போதும்.

சித்திரை பிறக்கும் முன்பே அந்த வேலை முடிய வேண்டும். அப்புறம் டெலிபோன் செய்து அம்மாவிடம் கேட்கட்டும்: "ராத்திரி தூங்கினேளா?"